முப்பது நாள் ரயில் ரிஜிஸ்டர்

குவைத்தில் ரயில் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன், ஒரு முழம் தண்டவாளம்கூடக் கண்ணில் பட்டதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு எனக்கு எப்படி ரயில் ஆசை பிடித்தது என்று கேட்டால், மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

நான் சில்லர் டெக்னீஷியன். பெரிய கட்டிடங்களின் மொட்டை மாடியில் லாரி அளவுக்கு ஒரு மெஷின் நிற்கும், மொத்தக் கட்டிடத்துக்கும் குளிர்காற்று அதிலிருந்துதான் போகும். அதைப் பார்த்துக்கொள்கிற வேலை. பத்தாம் வகுப்பு, அதற்கு மேல் ஐடிஐ, அவ்வளவுதான் என் படிப்பு. ஃபர்வானியாவில் கம்பெனி எடுத்துக் கொடுத்த ரூமில் நாங்கள் நாலு பேர். டூட்டி முடிந்து வந்து குளித்து, நான் என் செபமாலையை முடித்த பிறகு, ஆளுக்கு ஒரு கட்டிலில் போனைப் பிடித்துக்கொண்டு சாய்வோம். மற்றவர்கள் சினிமா பார்ப்பார்கள். நான் ரயில் பார்ப்பேன்.

டிரைவர் உட்காரும் இடத்தில் ஒரு கேமராவை வைத்துவிடுகிறார்கள். வண்டி கிளம்புகிற ஸ்டேஷன் முதல் போய்ச் சேருகிற ஸ்டேஷன் வரை அப்படியே காட்டுகிறது. பேச்சில்லை, பாட்டில்லை. தண்டவாளம் வந்துகொண்டே இருக்கும், மலை வரும், குகை வரும், குகையை விட்டு வெளியே வந்தால் பனி கொட்டிக் கிடக்கும். வாழ்நாள் பூராவும் மெஷினில் குளிரைச் செய்து கொடுத்தவன் நான். ஆண்டவர் தம் கையால் செய்த குளிரை அந்தச் சின்னத் திரையில்தான் முதலில் பார்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவர், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். என்னைக் கேலி செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

“அண்ணே, ரெண்டு மணி நேரமா ஓடுது. இன்னைக்காவது கதாநாயகி வருவாளா?”

“பேசாம பாரும். பாலம் வரப்போவுது.”

பேசாமல் பார்த்தார். அடுத்த வாரம் அவரே வந்து, ‘அண்ணே, அந்த மலைப் பாலத்து ரயிலைப் போடுங்க’ என்றார். பஸ் ஓட்டுகிறவர் அல்லவா, ரோட்டில் எதிரே வண்டியே வராத வேலை எப்படி இருக்கும் என்று அவருக்கு ஓர் ஏக்கம்.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தெரிந்தது. சின்ன வயதில் கோவிலில் கேட்ட ஊர்ப் பெயர்களெல்லாம் இந்தத் தண்டவாளங்களின் மேல்தான் இருக்கின்றன. உரோமை, அசிசி, கோடி அற்புதர் என்று நாங்கள் கும்பிடுகிற புனிதர் கோவில் கொண்டிருக்கிற பதுவை, லூர்து, பாத்திமா. எங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரையில் இந்தப் பெயர்களில் மாதா குகையான கெபியும் சிலுவைக் கோவிலான குருசடியும் இல்லாத ஊர் உண்டா? வேறெங்கோ மேகத்துக்கு மேலே இருக்கிற ஊர்கள் என்றே நினைத்திருந்தேன். பார்த்தால் ஸ்டேஷன் இருக்கிறது, பிளாட்பாரம் இருக்கிறது, அட்டவணையில் நேரம் இருக்கிறது. ஒரே பாஸ் எடுத்தால் ஒரு மாதம் நாடு நாடாக ஏறி இறங்கலாமாம். ஏறி இறங்க ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் நான்தான் என்று முடிவு செய்ய எனக்கு மூன்று வருஷம் ஆனது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. அதுவும் குளிர்காலத்தில்தான் கிடைக்கும். சம்மரில் சில்லரை விட்டு அசைய முடியாது. இதுவரை போன லீவெல்லாம் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒன்று, வீட்டுக்குக் கான்கிரீட் போட ஒன்று, அப்பாவின் நாற்பதாம் நாளுக்கு ஒன்று, மகள் முதல் நற்கருணை வாங்கின புதுநன்மைக்கு ஒன்று என்று போயிற்று. போனது தப்பில்லை. எல்லாம் செய்ய வேண்டியதுதான். செய்தும் ஆயிற்று. இந்த முறை தவக்காலத்தில் ஒரு மாதம் ரயில், ஈஸ்டர் பாஸ்காவுக்கு வீடு என்று மனசுக்குள் பிரித்துவைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டேன்.

“ஒரு மாசமா? தனியாவா?” என்றாள்.

“நீயும் வாறியா?”

“திருச்செந்தூர் பஸ்சுல ஏறினாலே வாந்தி எடுக்கிறவ நான். என்னையக் கூட்டிட்டுப் போயி ஐரோப்பா ரயிலு பூரா கழுவிக்கிட்டு வரவா பாக்கீய?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

“லீவுன்னு வந்து என்னைக்கு ஒக்காந்திருக்கீய? பந்தக்காரன் பின்னால, இல்லன்னா கொத்தனாரு பின்னால. போயிட்டு வாங்க. லூர்து மாதாட்ட மட்டும் என் முட்டுவலியச் சொல்லிருங்க.”

வீட்டு அனுமதி அத்தோடு முடிந்தது. கம்பெனி அனுமதிதான் இழுத்தது. எங்கள் மேனேஜர் லெபனான்காரர். ஊருக்கு லீவு என்றால் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுகிறவர், யூரோப் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். நீ போனால் திரும்ப மாட்டாய், கலாஸ், முடிந்தது, எனக்கு ஒரு டெக்னீஷியன் போச்சு என்றார். இருபத்திரண்டு சம்மரில் எந்தச் சம்மரில் நான் இல்லாமல் இருந்தேன், நீங்களே சொல்லுங்கள் சார் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. லெட்டர் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது விசா, ஒரு நாட்டுத் தூதரகம் கொடுத்தால் இந்த நாடுகளுக்கெல்லாம் செல்லும் விசா. அங்கேதான் நான் விழுந்தேன்.

இங்கே எந்தப் பேப்பர் வேலைக்கும் டைப்பிங் சென்டருக்குப் போவதுதான் வழக்கம். நாம் போய் உட்கார்ந்தால் அவர்களே எல்லாவற்றையும் அடித்துக் கொடுப்பார்கள். நானும் போனேன். அங்கிருந்த மலையாளச் சேட்டன் என் பேச்சை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பயணத் திட்டம் தயாராக இருந்தது, எல்லாருக்கும் அதே திட்டம். பெயரை மட்டும் மாற்றினார். பாரிஸ், ஸ்விஸ், பூங்கா, படகு. நான் கேள்விப்படாத ஹோட்டல்களில் டம்மி புக்கிங்; விசா வந்ததும் கேன்சல் செய்துவிடலாமாம். ‘லூர்து வேணுமே’ என்றேன். ‘அதொக்கெ அவிடெ சென்னிட்டு போகாம்’, அதாவது அதெல்லாம் அங்கே போன பிறகு போய்க்கொள்ளலாம் என்று பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் போடுகிறார்கள் என்பதுதான் அப்போது என் சமாதானம்.

மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே விசா ஸ்டிக்கர் இல்லை, ஒரு காகிதம். வந்து போகும் காரணம் நம்பும்படி இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக். ரூமில் அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை. புதுக்கோட்டைத் தம்பி, எனக்குப் பிடிக்கும் என்று மீனைப் பொரித்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

எனக்குக் கோபம் அவர்கள் மேல் வரவில்லை. அந்தக் காகிதத்தில் இருந்தது உண்மைதானே? நான் கொடுத்தது என் பயணமே இல்லை. பத்துக் கட்டளையில் ஒன்றை மீறி எழுதின தாளைக் கொண்டு மாதா கோவிலுக்குப் போகப் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொன்னேன். பிறகு இன்னொரு முறை, ஒரே ஒரு முறை, என் கையால் எழுதிக் கொடுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். அதுவும் திரும்பினால் இந்த லீவு போய்விடும். அடுத்த லீவில் எனக்கு ஐம்பத்தைந்து. அப்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி ரயில் மாற முடியுமா, மகள் கல்யாணம் குறுக்கே வருமா, யாருக்குத் தெரியும்? இப்போது இல்லையென்றால் இல்லை.

எனக்கு எழுதத் தெரிந்த முறை ஒன்றுதான். எங்கள் வேலையில் மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டர் என்று ஒரு நீள நோட்டு உண்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எந்த மெஷின், போன நேரம், முடித்த நேரம், கடைசியில் ரிமார்க்ஸ். அப்படி ஒரு புது நோட்டு வாங்கி, மெஷின் இருக்கும் கட்டத்தில் ரயிலை எழுதினேன். முப்பது நாள், முப்பது பக்கம். எங்கே ஏறுகிறேன், எங்கே மாறுகிறேன், மாறுவதற்கு எத்தனை நிமிஷம், அந்த வண்டி தவறினால் அடுத்தது எது. ரிமார்க்ஸில்: ஸ்பெயினில் தண்டவாளத்தின் அகலமே வேறு, அதனால் எல்லையில் இறங்கித்தான் ஆகவேண்டும். பாத்திமா என்று பெயர் போட்ட ஸ்டேஷனில் இறங்கக் கூடாது, கோவில் அங்கிருந்து ரொம்ப தூரம், லிஸ்பனிலிருந்து பஸ்தான் நல்லது. சில்லரில் எந்த வால்வை மூடினால் எந்த மாடி சூடாகும் என்று தெரிகிற மாதிரி, எந்த வண்டி பிந்தினால் எந்த ஊர் கெடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தங்குவதற்கு, யாத்திரிகர்களுக்கு இடம் கொடுக்கும் மடங்களுக்கு நானே இமெயில் எழுதினேன். என் இங்கிலீஷ் சைட் இங்கிலீஷ், வேலையிடத்தில் பேசிப் பழகினது. ‘ஐ ஆம் ஒன் மேன், ஒன் பெட் எனஃப்’ என்று எழுதினேன். பதுவையில் ஒரு கன்னியர் மடத்திலிருந்து இரண்டே நாளில் பதில் வந்தது. ஒற்றைக் கட்டில், காலையில் ரொட்டியும் காப்பியும், இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவோம். கேம்ப் வாழ்க்கையில் பழகினவனுக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா? ஒவ்வொரு பதிலாக வர வர பிரிண்ட் எடுத்து அந்தந்தப் பக்கத்தில் ஒட்டினேன். எல்லாம் நிஜமான கட்டில்கள்.

தம்பி சமையல் செய்துகொண்டே என்னிடம் கேள்வி கேட்பார். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் என் ரிஜிஸ்டர்.

“பதினொண்ணாம் நாளு. வெரோனாவுல வண்டி போயிருச்சு. என்னண்ணே செய்வீங்க?”

“ஒம்பது போனா பதினொண்ணு.”

“அதுவும் போயிருச்சு.”

“ரெண்டு வண்டிய விட்டுட்டு அங்க என்னத்தவே செஞ்சேன் நான்?”

“பராக்குப் பாத்தீங்க. ஐரோப்பால்ல” என்றார்.

இரண்டாவது முறை மனு போட்டபோது ரிஜிஸ்டரின் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து வைத்தேன். பத்து நாளில் போன் வந்தது. தூதரகத்துக்கு நேரில் வரவேண்டும், ஒரிஜினல் நோட்டையும் கொண்டுவரவேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை மனுவைத் தள்ளிவிட்ட ஆளை நேரில் கூப்பிடுகிறார்கள் என்றால் நல்லதுக்கா கெட்டதுக்கா என்று ரூமில் பெரிய விவாதம். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா, முப்பத்தைந்து வயதிருக்கும். மேஜையில் நான் முதலில் கொடுத்த டம்மி திட்டமும் இருந்தது. இதுவும் நீதானா என்றார். ஆமாம் மேடம், அது நான் கொடுத்ததுதான், ஆனால் அது நான் போக நினைத்த பயணம் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிஜிஸ்டரை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏன் தனியாக, ஏன் ஒரு மாதம், எப்போது திரும்புவாய் என்று கேட்டார். சொன்னேன். திடீரென்று நிறுத்தி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். பிறகு ஏழு பக்கம் தள்ளி இன்னொரு பக்கம். பிறகு இன்னொன்று.

“நீ திருயாத்திரை போகிறாய் என்று எழுதியிருக்கிறாய்.”

“யெஸ் மேடம்.”

“கோவிலில் பூசை என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். நாலும் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூராவும் ரயிலில் இருக்கிறாய். எங்கள் ஊரில் கத்தோலிக்கர்கள் பூசைக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை.”

கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து அந்தப் பக்கங்களைப் பார்த்தேன்.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை முழு வேலை நாள். அதனால் ஞாயிறு கடனை வெள்ளிக்கிழமை பூசை கண்டு தீர்த்துக்கொள்ள எங்களுக்குத் திருச்சபையின் அனுமதி உண்டு. ஞாயிறு வாசகங்களையே வெள்ளியில் வாசிப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக என் ஞாயிறு வெள்ளியில்தான் வருகிறது. நோட்டில் கோடு போடும்போதே, டூட்டி ரிஜிஸ்டரில் போடுகிற மாதிரி வெள்ளிக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் ‘ஆஃப்’ என்று எழுதி, அதில் பூசையை வைத்துவிட்டேன். ஞாயிறு வேலை நாள்தானே, அன்றைக்கு ரயில் ஏறிவிடலாம் என்று எழுதிவிட்டேன். இதில் வெட்கம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் வண்டிகள் குறைவாக இருப்பதைப் பார்த்து, ‘வேலை நாளில் ஏன் இவ்வளவு குறைவு?’ என்று ரிமார்க்ஸில் நானே எழுதியிருந்தேன். அந்த வரியையும் அவர் வாசித்துவிட்டார்.

அவர் இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்து, பூசை என்றைக்கு என்றே தெரியாத ஒருவன். முதல் தாளும் பொய், இரண்டாவதும் பொய்.

உடைந்த இங்கிலீஷில் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். முழுதும் நம்பினதாகத் தெரியவில்லை. அப்போது எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, மேடம், ஐந்து நிமிஷம் கொடுங்கள், இங்கேயே சரி செய்துவிடுகிறேன் என்றேன்.

அவர் நோட்டைக் கண்ணாடியின் அடியிலிருந்த சந்து வழியாகத் தள்ளினார். நான் அதைத் திறக்கவில்லை. திறக்கத் தேவைப்படவில்லை. கண்ணை மூடினேன், முப்பது பக்கமும் நின்றது.

வெள்ளியை ஞாயிறாக்க, தொடக்கத்தில் உரோமையில் இரண்டு நாள் கூடத் தங்கி எல்லாவற்றையும் இரண்டு நாள் தள்ளவேண்டும். கடைசியில் லிஸ்பனில் சும்மா இருக்க இரண்டு நாள் வைத்திருந்தேன், அதை விட்டுவிடலாம், பிளேன் டிக்கெட்டுக்குச் சேதமில்லை. ஞாயிறு ரயில்களெல்லாம் செவ்வாய்க்குப் போகும். மடங்களுக்கு இன்றைக்கே எழுதிவிடுவேன். இதைச் சொல்லிவிட்டு முதல் ஊரிலிருந்து ஆரம்பித்தேன். முதல் ஞாயிறு உரோமை. செவ்வாய் அசிசி. அந்த வண்டிக்கு ரிசர்வேஷன் வேண்டாம். இரண்டாவது ஞாயிறு பதுவை. செவ்வாய் காலை வெரோனா போய் அங்கே ஒன்பது மணி வண்டி, மலைக்கு மேலே ஏறி இன்ஸ்ப்ரூக்.

அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அதைத் தவறவிட்டால்?”

“பதினொன்று, மேடம்.”

மறுபடி தட்டினார். “லூர்திலிருந்து மாட்ரிட்?”

“பயோனில் மாறி, எல்லையில் ஹெண்டாயே. அங்கே இறங்கியே ஆகவேண்டும், தண்டவாளம் அகலம் வேறு. சின்ன ரயில் இருக்கிறது, பாலத்தைத் தாண்டி நடந்தும் போகலாம். அந்தப் பக்கம் இரூனிலிருந்து மாட்ரிட் வண்டி. ஒரு நாளைக்குக் கொஞ்ச வண்டிதான், அதனால் லூர்தில் அதிகாலையிலேயே கிளம்பிவிடுவேன்.”

எத்தனை கேட்டார் என்று நினைவில்லை. ஒரு கட்டத்தில் அவர் சோதிப்பதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். நடைபாலத்தில் எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்றார். பக்கத்து மேஜையிலிருந்த இன்னொருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். படித்தவர்கள் இரண்டு பேர், அவர்கள் ஐரோப்பாவின் ரயிலை ஐடிஐ படித்தவன் ஒருவன் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையில் எத்தனையோ பேர் முன்னால் கைகட்டி நின்று பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் கைகட்டவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கடைசியில் அவர், ஞாயிற்றுக்கிழமைகளைத் திருத்தி ஒரு பிரதி அனுப்பு என்றார். அன்று மாலையே புது முப்பது பக்கம் எழுதினேன். தம்பி ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டுக் கொடுத்தார்.

ஆறாம் நாள் மெசேஜ் வந்தது, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று. விசா சென்டர் வாசலில், ஒட்டின கவரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொன்னேன். பிறகு கிழித்தேன். பக்கத்தைப் புரட்டினேன். வெற்றுப் பக்கம், வெற்றுப் பக்கம், அடுத்து பச்சையும் நீலமுமாக ஸ்டிக்கர். என் போட்டோ, என் பெயர். கேட்ட நாள் முழுதும் கொடுத்திருந்தார்கள், மேலே கொஞ்சம் சேர்த்தும்.

அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டேன். “குடுத்துட்டாவளா?” என்றாள். குடுத்துட்டாவ என்றேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே, குளிருக்கு மப்ளர் வாங்கியாச்சா, இல்ல அதுக்கும் நோட்டு போட்டு எழுதிக்கிட்டு இருக்கீயளா என்று திட்டினாள். மேனேஜரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்து, எழுந்து, என் தோளில் தட்டி, ‘மப்ரூக்’ என்று வாழ்த்தினார். பிறகு, பனி போட்டோ அனுப்பு என்றார்.

டூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் தம்பி போனை நீட்டினார். முதலில் எதைப் புக் செய்யப்போறீங்க என்றார். பாரிசிலிருந்து லூர்துக்குப் போகிற வண்டிக்கு இடம் முன்பதிவு செய்தே ஆகவேண்டும். அதைத்தான் எடுத்தேன். கட்டிலில் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். தேதி கேட்டது, கொடுத்தேன். எத்தனை பேர் என்று கேட்டது. ஒன்று. பிறகு பெட்டியின் படம் வந்தது, சதுரம் சதுரமாக இருக்கைகள்.

“மேல் மாடியில எடுங்கண்ணே. வண்டி போற பக்கமாப் பாத்த மாதிரி. ஜன்னல்.”

இரண்டு மாடி ரயில் அது. மேலே, முன்னே பார்த்த ஜன்னல் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. ஆண்டவரே உமக்கு நன்றி என்று சொல்லி அதை அழுத்தினேன். சதுரம் நிறம் மாறியது.